பாடிக் கட்டிய பள்ளிக்கூடம்

(தலித் கலை இலக்கியக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பறை அடிச்சு முடிச்ச சூட்டோட என்னைப் பேசக் கூப்பிட்டுட்டாங்க. காதுல இன்னும் அந்த அதிர்வு நிக்குது. நான் கவிதை வாசிப்பேன்னு சிலர் நினைச்சிருக்கலாம். இன்னைக்குக் கவிதை இல்லை. ஒரு பாடகர் குழுவோட கதையைச் சொல்லப் போறேன். அமெரிக்காவுல ஒரு கிறித்தவ மிஷன் பள்ளிக்கூடத்துக் கறுப்பினப் பிள்ளைகள், சர்ச் சர்ச்சாகப் போய்ப் பாடிச் சம்பாதித்த காசில் தங்கள் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிய கதை.

இதை ஏன் நான் சொல்ல வேண்டும்? ஒரு காரணம் இருக்கிறது. எங்க ஊர்க் கோயிலிலும் ஒரு பாடகர் குழு உண்டு. ஆர்மோனியம் உண்டு, வெள்ளை அங்கி உண்டு. எங்க தெருவிலிருந்து பிடி அரிசிக் காணிக்கை வாராவாரம் போகும். அறுப்புப் பண்டிகைக்குப் பூசணிக்காய் போகும், கோழி போகும். ஆனா பாடகர் குழுவுக்கு மட்டும் எங்க தெருப் பையன் ஒருத்தனும் போனதில்லை. பத்து வயசுல நான் போய் நின்றேன். “குரல் இன்னும் பக்குவப்படலை, அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றார்கள். அடுத்த வருஷமும் பக்குவப்படவில்லை. அதற்கடுத்த வருஷமும் பக்குவப்படவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, பக்குவப்படாதது என் குரல் இல்லை என்று.

அதனால் ‘சர்ச் கொயர்’ என்றாலே எனக்குக் கொஞ்சம் கசக்கும். அந்தக் கசப்போடுதான் இந்தக் கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் என்று ஒரு நகரம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அதுவரை அடிமைக்கு எழுத்துச் சொல்லித் தருவதே குற்றம். விடுதலையான மக்கள் சோற்றுக்கு அடுத்தபடியாகக் கேட்டது பள்ளிக்கூடம். 1866 ஜனவரியில், ராணுவம் காலி பண்ணிவிட்டுப் போன ஆஸ்பத்திரிக் கொட்டகைகளில் ஒரு பள்ளி திறந்தார்கள். அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் நடத்தியது. ஃபிஸ்க் என்ற தளபதியின் பெயரை வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு பெரியவர்களும் வந்து பலகையில் உட்கார்ந்தார்கள்.

புத்தகம் வாங்கக் காசு இல்லை. நாஷ்வில்லில் அடிமைகளை விற்பதற்காக அடைத்து வைத்த கொட்டடி ஒன்று இருந்தது. அங்கே கிடந்த துருப்பிடித்த கைவிலங்குகளையும் கால்விலங்குகளையும் பொறுக்கி, பழைய இரும்பு விலைக்குப் போட்டு, அந்தக் காசில் எழுத்துக்கூட்டும் புத்தகம் வாங்கினார்கள் என்று பதிவு இருக்கிறது. அப்பன் ஆத்தா காலில் கிடந்த விலங்கை எடைக்குப் போட்டு ‘அ’னா ‘ஆ’வன்னா வாங்கிய பிள்ளைகள். இதைப் படித்த அன்னைக்கு என்னால அதுக்கு மேல படிக்க முடியலை. புத்தகத்தை மூடி வெச்சுட்டேன்.

அந்தப் பள்ளிக்கு எல்லா ஷெப்பர்ட் என்று ஒரு பெண் வந்து சேர்ந்தார். ‘எல்லா’ என்பது அவர் பெயர். நான் ஷெப்பர்ட் என்றே சொல்கிறேன். 1851இல் அடிமையாகப் பிறந்தவர். அப்பா கூலிக்கு உழைத்துத் தன் விடுதலையைத் தானே விலைக்கு வாங்கியவர். பிறகு 350 டாலர் கொடுத்து மகளை வாங்கினார். அம்மாவை வாங்க முடியவில்லை. விற்பதாகச் சொன்ன எஜமானி பின்னால் மறுத்துவிட்டாள். மகள் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம்.

நான் பாங்கில் கிளார்க். கணக்கு என்றால் கண் தானாக அங்கே போய் நிற்கும். இந்த 350 டாலர்க் கணக்கு அதோடு முடியவில்லை. அப்பாவுக்குத் தொழில் நொடித்துப்போனது. கடன்காரர்கள் வந்தார்கள். மகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வைக்கவில்லை. அப்படியென்றால் சட்டத்தின் பார்வையில் அந்தப் பெண் என்ன? அப்பாவின் சொத்து. அப்பா பட்ட கடனுக்கு மகளை ஜப்தி பண்ணலாம். அதற்குப் பயந்து குடும்பத்தோடு ராத்திரியோடு ராத்திரியாக சின்சினாட்டி நகரத்துக்கு ஓடினார்கள். நாங்கள் கடனுக்கு நகையை வாங்கி வைப்போம், பத்திரத்தை வாங்கி வைப்போம். பெத்த பிள்ளையையே அடமானச் சரக்காக எண்ணிய ஒரு சட்டம் நூற்றி அறுபது, எழுபது வருஷத்துக்கு முன்னால் நடைமுறையில் இருந்தது.

சின்சினாட்டியில் அவர் பியானோ கற்றுக்கொண்டார். எப்படி? ஒரு வெள்ளைக்கார ஆசிரியை சொல்லித்தரச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வர வேண்டும், பின்வாசல் வழியாக வர வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது. பின்வாசல் என்றால் என்ன என்று இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஃபிஸ்க் பள்ளியில் கணக்கு வழக்குப் பார்த்தவர் ஜார்ஜ் ஒயிட் என்ற வெள்ளைக்காரர். கொல்லன் மகன், வடக்குப் படையில் சிப்பாயாக இருந்தவர். பொருளாளரும் அவரே, பாட்டு வாத்தியாரும் அவரே. 1871இல் பள்ளி மூடுகிற நிலைக்கு வந்துவிட்டது. கொட்டகை இற்றுப்போய்க் கிடக்கிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது. பாடத் தெரிந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வடக்கே போய்ப் பாடிக் காசு திரட்டலாம் என்றார் ஒயிட். பைத்தியக்காரத்தனம் என்று பலர் தடுத்தார்கள். பெட்டியில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு 1871 அக்டோபர் 6ஆம் தேதி கிளம்பினார்கள்.

பெயர்களைச் சொல்கிறேன், தலைவர்கள் பெயரை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். எல்லா ஷெப்பர்ட், மேகி போர்ட்டர், மின்னி டேட், ஜென்னி ஜாக்சன், எலைசா வாக்கர், ஐசக் டிக்கர்சன், தாமஸ் ரட்லிங், பெஞ்சமின் ஹோம்ஸ், கிரீன் இவான்ஸ். ஒன்பது பேர். மின்னி டேட்டுக்கு 14 வயசு. பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஹோம்ஸ் தையற்காரரிடம் வேலைக்கு விடப்பட்டு, கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவர். சார்ல்ஸ்டன் நகரத்து அடிமைக் கொட்டடியில் அடைபட்டுக் கிடந்தபோது, லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தைக் கூட இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டியவர் இவர். ரட்லிங்குக்கு நினைவு தெரிந்து முதல் காட்சியே தன் அம்மாவை விற்று ஓட்டிக்கொண்டு போனதுதான்.

போன இடத்தில் கூட்டம் இல்லை. சின்சினாட்டிப் பக்கம் பாடிக்கொண்டிருந்தபோது சிகாகோ நகரம் தீப்பிடித்து எரிந்த செய்தி வந்தது. கையில் இருந்தது ஐம்பது டாலருக்கும் குறைவு. அதை அப்படியே சிகாகோ நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பசியோட இருக்கிறவன்தான் அடுத்தவன் பசிக்கு முதல்ல கை நீட்டுவான். நம்ம சேரியில நாம பார்க்காததா?

குழுவுக்குப் பெயர் வைத்தது கொலம்பஸ் நகரத்தில். ஒயிட் ராத்திரியெல்லாம் ஜெபித்துவிட்டுக் காலையில் ‘யூபிலிப் பாடகர்கள்’ என்றாராம். பைபிளில் லேவியராகமம் 25ஆம் அதிகாரம். ஐம்பதாம் வருஷம் யூபிலி வருஷம், அடிமைப்பட்டவன் விடுதலையாகிப் போக வேண்டும், கைமாறிப்போன நிலம் பழையபடி உரியவன் கைக்குத் திரும்ப வேண்டும் என்கிறது. பஞ்சமி நிலத்தைக் கேட்டு மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்த நமக்கு அந்த அதிகாரத்தைத் தனியாகப் பிரசங்கம் பண்ண வேண்டாம்.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ஆரம்பத்தில் இவர்கள் மேடையில் பாடியது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் பாட்டு. ஐரோப்பிய இசை, நாகரிகமான மெட்டு. எங்களுக்கும் உங்களைப் போலப் பாட வரும் என்று காட்டத்தான். ஜனங்கள் கேட்டார்கள், தலையாட்டினார்கள், போய்விட்டார்கள். இவர்களிடம் வேறு பாட்டு இருந்தது. பருத்திக் காட்டில், கரும்புக் காட்டில், ராத்திரிக் கூட்டங்களில் அப்பன் ஆத்தா பாடிய பாட்டு. அதை வெளியே பாட மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்தார்கள். ஷெப்பர்ட் பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டுகள் பெற்றோருக்குப் புனிதமானவை. அதே சமயம் அவை அடிமைக் காலத்தோடும் இருட்டோடும் சேர்ந்தவை. அதனால் மறக்க வேண்டிய விஷயமாக இருந்தன. ஒயிட்டின் வீட்டில் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, வெளியே கேட்காதபடி மெதுவாகத்தான் பாடிப் பார்த்தார்களாம்.

புனிதமும் அதுதான். வெட்கமும் அதுதான். ரெண்டும் ஒரே பாட்டுக்குள்ள.

1871 நவம்பரில் ஓபர்லின் என்ற ஊரில் சபைக் குருமார்களின் மாநாடு. இடைவேளையில் இவர்களைப் பாடச் சொன்னார்கள். ‘ஸ்டீல் அவே’ என்ற பாட்டைச் சன்னமான குரலில் எடுத்தார்கள். எஜமானுக்குத் தெரியாமல் ஒளிந்து கூடுவதற்கான சைகைப் பாட்டு அது என்று சொல்வார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நாளுக்கு அப்புறம் பாட்டுப் பட்டியல் மெல்ல மெல்லத் தலைகீழானது. ஆத்தாவின் பாட்டு முன்னால் வந்தது, அடுத்தவன் பாட்டு பின்னால் போனது.

இங்க என் பாட்டியைப் பத்திச் சொல்லியாகணும். எங்க பாட்டி ஒப்பாரிக்குப் பேர் போனவங்க. சுத்துப்பட்டு ஊர்ல எழவு விழுந்தா ஆள் அனுப்பிக் கூப்பிடுவாங்க. நடவுப் பாட்டு எடுத்தாங்கன்னா வரப்புல போற மாடு நிக்கும். நான் காலேஜ்ல படிச்சப்ப ஒரு நாள் ஹாஸ்டல் வாசல்ல வந்து நின்னாங்க. கூட இருந்த பையன் “யாருடா?”ன்னு கேட்டான். “எங்க ஊர்க்காரங்க”ன்னேன். ஊர்க்காரங்க! அப்புறம் வீட்டுக்குப் போனப்ப, “பாட்டி, சத்தமா பாடாதே, அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க”ன்னும் சொல்லியிருக்கேன். அவங்க செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு பாட்டுகூட என் கையில இல்லை. ரெண்டு வரி ஞாபகம் இருக்கு, மூணாவது வரி வரமாட்டேங்குது. நான் எழுதற கவிதையெல்லாம் அந்த மூணாவது வரியைத் தேடுறதுதான்னு சில நேரம் தோணும்.

அந்த ஃபிஸ்க் பிள்ளைகள் சரியான நேரத்தில் கதவைத் திறந்தார்கள். நான் திறக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. வெளியே நிற்கிறவன் எந்தக் காதோடு கேட்கிறான் என்று ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் அப்போது ‘மின்ஸ்ட்ரெல்’ என்று ஒரு கூத்து. வெள்ளைக்காரன் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பனைப் போல இளித்து, தடுமாறி, ஆடிக் காட்டுவான். கொட்டகை கொள்ளாத கூட்டம். கறுப்பர் பாட்டு என்றாலே ஜனங்களுக்குத் தெரிந்தது அதுதான். நியூயார்க் பக்கம் ஹென்றி வார்ட் பீச்சர் என்ற புகழ்பெற்ற போதகர் தம் சர்ச்சில் இவர்களைப் பாடவைத்தபோது, பத்திரிகை ஒன்று அந்தக் கூத்தின் பெயரையே இவர்களுக்குச் சூட்டிக் கேலி பண்ணியது. நியூவார்க் நகரத்தில் ஒரு விடுதிக்காரன், கரி பூசிய வெள்ளைக்காரர்கள்தான் வருகிறார்கள் என்று நினைத்து அறை கொடுத்தான். வந்து நின்றவர்களின் கறுப்பு கழுவினால் போகாத கறுப்பு என்று தெரிந்ததும் வெளியே துரத்தினான். கறுப்பனின் வேஷத்துக்கு அறை உண்டு, கறுப்பனுக்கு இல்லை.

எங்க ஆபீஸ்ல ஒரு ஆண்டு விழா. “தம்பி, உங்க ஆளுங்க பாட்டு ஒண்ணு எடுத்து விடேன், ஜாலியா இருக்கும்”னார் ஒரு பெரியவர். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லை, சிரிச்சுக்கிட்டுதான் சொன்னார். நான் தொண்டை சரியில்லைன்னுட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்து யோசிச்சேன். பாட்டி பாட்டை மறைச்ச நானும் நான்தான். இப்ப அதைக் கேட்டவுடனே சுருங்கிப் போனவனும் நான்தான். அந்த மேடையில் பாட்டு பாட்டாக இருக்குமா, வேஷமாக ஆகிவிடுமா? இந்தக் கேள்வியை அந்த ஒன்பது பேரும் ஒவ்வொரு ராத்திரியும் சந்தித்திருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த பதில் எளிமையானது. நேராக நின்றார்கள். இளிக்கவில்லை, ஆடிக் காட்டவில்லை. சர்ச்சில் ஜெபத்துக்கு நிற்பதைப் போல நின்று பாடினார்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 1872 வசந்த காலத்துக்குள் 20,000 டாலர் சேர்ந்தது. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கிராண்ட் முன்னால் பாடினார்கள். பள்ளிக்குப் புதிய நிலம் வாங்கினார்கள், போர்க்காலத்தில் கோட்டை இருந்த மேடு. 1873இல் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள், விக்டோரியா மகாராணி முன்னால் பாடினார்கள். அதன்பின் 1875 முதல் 1878 வரை மறுபடியும் பிரிட்டன், ஹாலந்து, ஜெர்மனி. மொத்தம் ஏறக்குறைய 1,50,000 டாலர் திரட்டியதாகக் கணக்கு. அந்தப் பணத்தில் எழுந்த ‘யூபிலி ஹால்’ 1876 ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பட்டது. இன்றும் நிற்கிறது.

அதே 1873இல் இங்கே என்ன நடந்தது? புனேயில் ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அடிமைத்தனம் என்று அர்த்தம். அதை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பணம் பண்ணினார். சூத்திரரும் ஆதிசூத்திரரும் பார்ப்பன அடிமைத்தனத்திலிருந்து விடுபட அது எடுத்துக்காட்டாக இருக்கட்டும் என்பது அவர் ஆசை. விடுதலையான பிள்ளைகள் லண்டனில் பாடுகிறார்கள், அந்த விடுதலையை நினைத்து ஒரு மாலி சாதிக்காரர் புனேயில் எழுதுகிறார். ரெண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. வருஷம் ஒன்று.

வரவை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது கணக்கு ஆகாது, செலவையும் சொல்ல வேண்டும். ராத்திரிக்கு ராத்திரி கச்சேரி, ஊருக்கு ஊர் பயணம், ஓய்வு கிடையாது. தொண்டை போனது, உடம்பு போனது. ஹோம்ஸ் காசநோயில் செத்தார். ஒயிட்டின் மனைவி பயணத்தின்போதே கிளாஸ்கோவில் இறந்தார். யாருக்காகப் பள்ளிக்கூடம் கட்டினார்களோ, அந்தப் பள்ளியில் தங்கள் படிப்பை முடிக்க இவர்களில் பலருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்தவன் பிள்ளை படிக்க இவர்கள் பாடினார்கள். எங்க அம்மா சித்தாள் வேலை பார்த்த பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள்ள அவங்க ஒரு நாளும் மாணவியா உட்கார்ந்ததில்லை. அந்த மாதிரி.

இன்னொரு கணக்கையும் பாங்குக்காரனாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். விடுதலையான மக்கள் சேமிக்க என்று 1865இல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார்கள், ஃப்ரீட்மன்ஸ் வங்கி. கூலிக்காரர்கள் காசு காசாகப் போட்டார்கள். நிர்வாகம் கண்டபடி கடன் கொடுத்து 1874 ஜூனில் கதவை மூடிவிட்டது. 61,000க்கும் மேற்பட்டவர்களின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் முடங்கிப்போனது. ஒரு பக்கம் பாடிச் சேர்த்த காசு செங்கல்லாக நிற்கிறது. இன்னொரு பக்கம் நம்பிப் போட்ட காசு காற்றில் போகிறது. கல்லாப்பெட்டியின் சாவி யார் கையில் என்பது சின்ன விஷயம் இல்லை தோழர்களே.

அந்தச் சாவி கை மாறிய கதையும் உண்டு. ஃபிரெடரிக் லவுடின் என்று ஒருவர் 1875இல் குழுவில் சேர்ந்தார். ஒஹாயோ மாநிலத்துக்காரர், அடிமையாகப் பிறக்காதவர், அச்சுத் தொழில் தெரிந்தவர். அச்சகங்களில் வெள்ளைத் தொழிலாளர்கள் இவரோடு நின்று வேலை செய்ய மறுத்தார்கள். அதைவிட முக்கியம், இளம்வயதில் தம் சின்னச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குத் தவறாமல் கொடுத்துவந்தவர். நல்ல குரல். பாடகர் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். நிறம் பார்த்து மறுத்துவிட்டார்கள். காணிக்கை வேண்டும், குரல் வேண்டாம்.

இதைப் படிச்சப்ப ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல நின்ன அந்தப் பத்து வயசுப் பையன் ஞாபகம் வந்தான். ஏழு கடல் தாண்டியும் ஒரே பதில்தான் வெச்சிருக்காங்க.

1878இல் மிஷன் சங்கத்தோடு இருந்த ஏற்பாடு முடிந்து குழு கலைந்தது. ஒயிட் மறுபடியும் திரட்டினார். 1882இல் தலைமை லவுடின் கைக்கு வந்தது. இனி மேலாளரும் கறுப்பர், கணக்கும் கறுப்பர் கையில். 1884இல் உலகப் பயணம் கிளம்பினார்கள். ஆறு வருஷம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, பர்மா, சீனா, ஜப்பான் என்று சுற்றி 1890இல் ஊர் திரும்பினார்கள். சர்ச் பாடகர் குழுவில் இடம் கிடைக்காதவர் பாடகர் குழுவைக் கூட்டிக்கொண்டு உலகத்தைச் சுற்றினார்.

அந்தப் பயணத்தில் ஒரு காட்சி. 1886இல் ஆஸ்திரேலியாவில் மலோகா என்ற மிஷன் குடியிருப்புக்குப் போனார்கள். அந்த மண்ணின் பழங்குடி மக்கள், நிலத்தைப் பறிகொடுத்தவர்கள், ஆற்றங்கரையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் இவர்கள் பாடினார்கள். ‘டர்ன் பேக் ஃபேரோஸ் ஆர்மி’ என்ற பாட்டு, பார்வோனின் சேனையைப் பற்றியது, அந்த மக்களின் யோர்ட்டா யோர்ட்டா மொழிக்குப் போய்விட்டது. மொழிமாற்றத்தில் பங்கெடுத்தவராகச் சொல்லப்படுகிற பள்ளி ஆசிரியர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் யார் தெரியுமா? மொரீஷியஸ் தீவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். நம்ம பக்கத்து ரத்தம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துப்போன மக்களின் பாட்டு, ஒரு இந்திய வம்சாவளி ஆசிரியரின் கை வழியாக, ஆஸ்திரேலியப் பழங்குடியின் நாக்கில் ஏறியது. அந்த ஆசிரியரிடம் படித்த வில்லியம் கூப்பர், டக் நிக்கல்ஸ் போன்றவர்கள்தான் பிற்பாடு பழங்குடி உரிமைப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றார்கள். 1938இல் வெள்ளையர் குடியேறிய 150ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது அதைத் துக்க நாள் என்று அறிவித்தவர்கள் அவர்கள். அந்தப் பாட்டு இன்னும் பாடப்படுகிறது. 2012இல் வந்த ‘தி சஃபையர்ஸ்’ படத்திலும் கேட்கலாம்.

இந்தியாவுக்கு அவர்கள் வந்தது 1889, 1890 வாக்கில். ஆக்ராவில் தாஜ்மகாலுக்குள் நின்று பாடியதை லவுடின் எழுதியிருக்கிறார். அடிமைகளின் பாட்டு அந்தப் பளிங்குக் கூரையில் மோதித் திரும்பியிருக்கிறது. எனக்கு ஒரு ஏக்கம். அன்றைக்கு அந்த வாசலைப் பெருக்கியவர் நின்று கேட்டாரா? பாடுகிறவர்கள் யாரென்று அவருக்கு யாராவது சொன்னார்களா? அவர்கள் வந்துபோன கொஞ்ச நாளில், 1891இல் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையைத் தொடங்குகிறார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் இழிவென்று சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்துப் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்குகிறார். வெட்கத்தைத் திருப்பிப் போட்டு அதையே கொடியாகப் பிடிக்கிற காரியம் இங்கேயும் அப்போதே தொடங்கிவிட்டது.

லவுடின் ஊர் திரும்பி என்ன செய்தார் தெரியுமா? சொந்த ஊரான ரவென்னாவில் செருப்புத் தொழிற்சாலையில் பணம் போட்டு நடத்தினார். தோல் தொழில்! 1900இல் லண்டனில் நடந்த பான்-ஆப்பிரிக்க மாநாட்டிலும் கலந்துகொண்டார். அதே மாநாட்டில் இருந்தவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1888இல் பட்டம் பெற்றவர். அந்தப் பாட்டுகள் கட்டிய வளாகத்தில் படித்தவர். 1903இல் அவர் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தின் கடைசி அத்தியாயமே அந்தத் துயரப் பாட்டுகளைப் பற்றியதுதான். அந்த டுபாய்ஸுக்குத்தான் 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டு. டுபாய்ஸ் பதில் போட்டார். 14 வயசுப் பெண் ஒருத்தி 1871இல் சர்ச்சில் நின்று பாடினாள். அந்தக் காசில் எழுந்த பள்ளியில் ஒருவர் படித்தார். அவருக்கு நம் தலைவர் கடிதம் எழுதினார். சங்கிலி இப்படித்தான் நீள்கிறது. இரும்புச் சங்கிலியைச் சொல்லவில்லை.

ஷெப்பர்ட் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தன் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டார். 350 டாலர் விலை போட்ட பெண்.

பாட்டுக்கு வேறு கதியும் நேர்ந்தது, அதையும் மறைக்கக் கூடாது. இவர்கள் பிரபலமாக்கிய ‘ஸ்விங் லோ, ஸ்வீட் சேரியட்’ பாட்டு, 1988 முதல் இங்கிலாந்தில் ரக்பி பந்தாட்ட ரசிகர்களின் உற்சாகப் பாட்டு. பீர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு பாடுகிறார்கள். அடிமைகள் சாவை நினைத்து, விடுதலையை நினைத்துப் பாடியது அது. பாட்டு ஊரெல்லாம் போகும், பாடியவன் துயரம் கூடப் போகும் என்று உத்தரவாதம் இல்லை.

அந்தக் குழு இன்னும் இருக்கிறது. கானா நாட்டில் பிறந்த பால் குவாமி 1994 முதல் 2022இல் இறக்கும்வரை அதை நடத்தினார். 150ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்காக 2021இல் கிராமி விருது வாங்கினார்கள். அக்டோபர் 6ஆம் தேதியை இன்றும் யூபிலி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நம் பக்கம் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாஃபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர், தொண்ணூறுகளில் கிராமிய மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 2005இல் இறந்துபோனார். கோயிலுக்குள்ள பறையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர் எழுப்பிய கேள்விக்கு நம் சபைகள் இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை.

இன்னைக்குப் பறை எல்லா மேடைக்கும் போகுது. கல்யாண மண்டபத்துக்கும் போகுது, கம்பெனி விழாவுக்கும் போகுது. சந்தோஷம்தான். ஆனா அந்த ஒன்பது பேர் கதையை வெச்சு மூணு கேள்வி கேட்டுப் பார்க்கச் சொல்றேன். நாம் நேராக நின்று வாசிக்கிறோமா, இல்லை, அடுத்தவன் சிரிக்க ஆடுகிறோமா? கணக்கு யார் கையில் இருக்கிறது? வருகிற காசில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் எழுகிறது?

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க வீட்ல பாட்டி உயிரோட இருந்தா, இன்னைக்கு ராத்திரி போய்ப் பக்கத்துல உட்காருங்க. உங்க கையில இருக்கிற செல்போன் போதும். “பாட்டி, சத்தமா பாடு”ன்னு சொல்லுங்க. கதவைத் திறந்து வெச்சுட்டுச் சொல்லுங்க.

எனக்கு மூணாவது வரி இல்லை. உங்களுக்கு இருக்கு.